படுத்து உறங்கும் குதிரை

எந்த மண்குதிரையும் படுத்திருந்து நான் பார்த்ததில்லை.

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊர் எல்லையில், கண்மாய்க்கரையோரம், அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு வைத்த குதிரைகள் வரிசையாக நிற்கும். வேளார் வீட்டுச் சூளையில் வெந்து, புரவியெடுப்பு அன்று ஊரே கூடித் தோளில் சுமந்துவந்து இறக்கியவை. புதியவை சுண்ணாம்பும் காவியுமாகப் பளிச்சென்றிருக்கும். பழையவை காது உதிர்ந்து, கால் இற்று, வயிற்றுக்குள் புல் முளைத்துக் கிடக்கும். உடைந்து விழுந்தவை உண்டு. படுத்த கோலத்தில் வனைந்தது ஒன்றுகூடக் கிடையாது. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 33 அடி உயரக் குதிரை ஒன்று பாயும் நிலையில் நிற்கிறது. மாசிமகத்துக்கு அதன் கழுத்தில் ஏறும் காகிதப்பூ மாலைகளைக் காட்ட அப்பாயி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். "ராத்திரியில சாமி குதிரை மேல ஏறி ஊரைச் சுத்தி வரும்டி. அதனாலதான் நாம நிம்மதியாத் தூங்குறோம்" என்பாள். குதிரை என்றால் தூங்காதது. நாம் தூங்குவதற்காக விழித்திருப்பது. அந்த எண்ணத்தோடேயே வளர்ந்தேன்.

பிறகு வேலை நீலகிரிக்கு அழைத்துவந்தது. கேத்திப் பள்ளத்தாக்கில், காரட் தோட்டங்களுக்கு நடுவே, ஆசிரியை வேலையும் சிறு வீடும் கொஞ்சம் நிலமுமாகப் பல வருடம் ஓடியபின், ஒரு பெண்குதிரை எங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்தது. வந்து இரண்டு மாதம் ஆகியும் அது படுக்கவில்லை. அந்த அரையாண்டு விடுமுறை முழுவதும் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

ஊட்டிக்கு வந்த எல்லோரும் அவளைப் போன்ற ஒரு குதிரையைப் பார்த்திருப்பார்கள். ஏரிக்கரையில், படகு இல்லத்துக்கு வெளியே, "ஒரு ரவுண்டு போலாமா சார்" என்ற குரலுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கவிட்டு நிற்கும் குதிரை. ஏப்ரல், மே சீசனிலும், கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளிலும் அதற்கு ஓய்வு கிடையாது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சவாரி நின்றுவிடும். தீவனச் செலவு நிற்காது. அப்போது குதிரைகளைத் தெருவில் மேய அவிழ்த்துவிடுகிறார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் கோஸ் இலைக் குவியலிலும், குப்பைத்தொட்டி ஓரத்திலும், மலைப்பாதை வளைவுகளில் வண்டிகளுக்கு நடுவிலும் அவற்றைப் பார்க்கலாம். குதிரைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சீசனை நம்பி வாழும் அன்றாடங்காய்ச்சிகள் அவர்கள். பத்து நிமிடம் ஏறி உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிப்போன எல்லோருக்கும் அந்தக் குதிரையின் மழைக்காலத்தில் பங்கு உண்டு. முதன்முதலில் ஊட்டிக்கு வந்தபோது நானும் ஏறியிருக்கிறேன்.

இவளை ஓர் ஆடி மழையில் சாக்கடை ஓரத்திலிருந்து மீட்டு, மலையடிவாரத்தில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். செங்காவி நிறம் என்பதால் அங்கே வேலை செய்கிறவர்கள் செவலி என்று கூப்பிட்டார்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்வரை தனியாகக் கட்டிவைத்திருந்தார்கள். அதன்பிறகு வார இறுதிகளில் நானும் கணவரும் போய்வந்தோம்.

முதல் நாள் அவள் விலாவெலும்புகளைப் பார்த்ததும், ஒரு மூட்டை கொள்ளு வாங்கி வேகவைத்துப் போடவேண்டும் என்றுதான் எனக்குக் கை பரபரத்தது. அங்கிருந்த டாக்டரம்மா தடுத்தார். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியம் கொடுத்தால் இன்சுலின் மளமளவென்று ஏறும். அது ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸையும் மக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்த சில நாட்களிலேயே இதயம் நின்றுபோகலாம். ஆகவே குதிரைமசால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஆறு தடவை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று மனிதருக்குச் சொன்ன பழமொழி இந்தக் குதிரைக்கும் அச்சாகப் பொருந்தியது. பசித்த வாய்க்கு அள்ளிப் போடுவதுதான் இரக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அளந்து போடவும், அது கேட்கும்போது மறுக்கவும் இன்னும் கெட்டியான மனம் வேண்டியிருக்கிறது.

ஐப்பசியில் அவளை அழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பணம் எதுவும் வாங்கவில்லை. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று காப்பகத்துக்கு ஒரு மூட்டை கோதுமைத் தவிடு கொண்டுபோனோம். வண்டியில் ஏற்றும்போது அப்பாயி நினைவு வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஏதாவது தத்து இருக்கிறது என்று ஜோசியர் சொன்னால், அதைத் தவிட்டுக்கு விற்று, தவிட்டுக்கே வாங்குவார்கள். மோசத்துக்கும் தத்து என்றுதான் பேர். பிறர் பிள்ளையை நம் பிள்ளையாக்கிக்கொள்வதற்கும் தத்து என்றுதான் பேர். அந்த இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்திருப்பது தற்செயலோ என்னவோ, செவலி விஷயத்தில் இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

ஒற்றையாகத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். குதிரை கூட்டத்தில் வாழப் பிறந்தது. தனியாக நிற்கும் குதிரைக்கு ஒவ்வொரு நிமிடமும் காவல் வேலைதான். எனவே பொதி சுமந்து ஓய்ந்த ஒரு கிழட்டுக் கழுதையும் சேர்ந்து வந்தான். அவனுக்குப் பெயர் கிழவன். வண்டியிலிருந்து இறங்கியதும் கொட்டகையை ஒரு சுற்று முகர்ந்துவிட்டு, வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். இன்றுவரை அவன் நிற்கிற இடம் அதுதான்.

*

செவலியின் முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே உள்ள கணுவின் முன்பக்கத்தில், பத்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. இரண்டு காலிலும் ஒரே இடத்தில். முடி உதிர்ந்து, தோல் தடித்து, அதன்மேல் புதுப் பொருக்கு. கல்லில் இடறி விழுந்திருப்பாள் என்று நினைத்தேன். டாக்டரம்மா சொன்ன காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை: "இவ படுக்குறதே இல்ல டீச்சர். அதோட அடையாளம் இது."

குதிரை நின்றபடியே தூங்கும் என்று பள்ளியில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அது பாதி உண்மை. பின்னங்கால் முட்டியில் சில்லைப் பூட்டிக்கொண்டு, தசைக்கு அதிக வேலை இல்லாமல் நிற்கும் ஓர் அமைப்பு அதற்கு உண்டு. அப்படி நின்றுகொண்டு கண்ணயரலாம். ஆனால் ஆழ்ந்த உறக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. கனவு வரும் கட்டம், உடம்பின் தசைகள் எல்லாம் தளர்ந்துபோகும் கட்டம். அந்த உறக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆகவேண்டும். நாளுக்கு அரைமணி, ஒரு மணி நேரம் போதும். அதுவும் கிடைக்காத குதிரை நாள்போக்கில் நின்றபடியே அந்த உறக்கத்துக்குள் சரிகிறது, முன்னங்கால் மடங்கிவிடுகிறது, கணு தரையில் மோதி, திடுக்கிட்டு எழுகிறது. மறுபடி கண்ணயர்கிறது, மறுபடி சரிகிறது. அந்த மோதல்கள்தான் அந்தக் காய்ப்பு.

ஏன் படுப்பதில்லை? வலி ஒரு காரணமாக இருக்கலாம். பார்த்துவிட்டார்கள், மூட்டில் கோளாறு இல்லை. இன்னொரு காரணம் பயம். ஓடித் தப்பிப்பதையே ஆயுதமாகக் கொண்ட உயிருக்குப் படுத்திருப்பது என்பது ஆயுதத்தைக் கீழே வைப்பது. கூட்டத்தில் சில படுத்தால் ஒன்றாவது நிற்கும். தெருவில் யார் நிற்பார்கள்? லாரி விளக்கு, நாய்க்கூட்டம், கல்லெறி. எத்தனை மாதம் அப்படி இருந்தாளோ, அவள் சொல்லப்போவதில்லை. கணுக்கள்தான் சொல்லின.

"நீங்க என்ன பண்ணணும்னா, ஒண்ணும் பண்ணாம இருக்கணும். தினமும் அதே நேரத்துக்கு அதே மாதிரி," என்றார் டாக்டரம்மா.

*

மார்கழி பிறந்ததும் பள்ளத்தாக்கில் உறைபனி இறங்கியது. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில்தான் அது விழும். கனத்த குளிர் காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். காலையில் புல், வேலிக்கம்பி, வண்டிக் கூரை எல்லாம் உப்பு தூவியதுபோல் வெளுத்திருக்கும். தேயிலைக் கொழுந்து ஒரே இரவில் கருகிவிடும் என்று இளஞ்செடிகளின் மேல் தாகை என்னும் பெரணியை வெட்டிப் போட்டு மூடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து அய்யா அவருடைய செடிகளுக்கு ஒரு வண்டி தாகை இறக்கியபோது, அதை எங்கள் வேலிக்கு எட்டாத பக்கமாகப் போடச் சொல்லி ஓடினேன். பெரணி வகையில் சில குதிரையின் உடம்பிலிருக்கும் பி1 வைட்டமினை அழித்து, நடை தள்ளாடச் செய்துவிடும். எதிலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். அய்யா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனையையும் மறுபக்கம் மாற்றிப் போட்டார். செடியைக் காப்பாற்றுவது விலங்கைக் கொல்லும் என்றால் அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடிய முதல் இரவே பாடம் கிடைத்தது. செவலி புல்லைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். மாலையிலிருந்து லத்தி போடவில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. விலாவில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல வயிறு தூரத்து இடிபோல உருண்டுகொண்டே இருக்கும். அன்று நிசப்தம். டாக்டரம்மா அந்தக் குளிரில் மலையேறி வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். விடியற்காலை நான்கு மணிக்கு லத்தி விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அழுதோம்.

காரணம் தண்ணீர். நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கவேண்டிய உடம்பு, தொட்டித் தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டதால் நான்கைந்து லிட்டரோடு நிறுத்தியிருந்தது. உலர்புல் உள்ளே இறுகிவிட்டது. மறுநாளிலிருந்து என் விடுமுறைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. ஐந்து மணிக்கு எழுந்து, சீகை விறகு மூட்டி, பெரிய குண்டானில் தண்ணீர் காயவைப்பது. கைபொறுக்கும் சூட்டில் தொட்டியில் கலந்தால், செவலி மூக்குத் துளைகளை விரித்து ஆவியை முகர்ந்துவிட்டு, காதுகள் ஒவ்வொரு மிடறுக்கும் முன்னும் பின்னும் அசையக் குடிப்பாள். தீவனத்தில் ஒரு பிடி உப்பு. ஆறு மணிக்கு உலர்புல். தானியத்தைவிடப் புல்தான் சூடு தருகிறது. பெருங்குடலில் அது புளிக்கும்போது உண்டாகும் வெப்பம் உள்ளே எரியும் கணப்பு மாதிரி. பனி உருகாத புல்லில் சர்க்கரை ஏறியிருக்கும், குளம்புக்குள் அழற்சி வந்துவிடும் என்பதால் மேய்ச்சல் பக்கத்துக் கதவை வெயில் ஏறிய பிறகே திறப்பது. நாளுக்கு எத்தனை தடவை லத்தி போட்டாள் என்று சுவரில் கரிக்கோடு. அந்த லத்தியை அய்யா காரட் பாத்திக்கு அள்ளிப்போவார். உடைந்த காரட்டைக் கொண்டுவந்து கொட்டுவார்.

போர்வை கிழவனுக்குத்தான். செவலிக்குக் குளிர்கால உரோமம் அடர்ந்துவிட்டது. குளிர் பட்டு அது வளர்வதில்லை. பகல் சுருங்குவதை உடம்பு கண்டுகொண்டு முன்கூட்டியே வளர்க்கிறது. உலர்ந்த குளிரில் அந்த முடிகள் சிலிர்த்து நின்று காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுதைக்கு அந்த அளவு வளர்வதில்லை. மழையும் அதன் தோலில் சீக்கிரம் ஊறும். குதிரைக்கு இந்த உரோமத்தால் ஒரு தொல்லை உண்டு. இளைப்பைக் கண்ணுக்குக் காட்டாது. ஆகவே தினமும் கையால் விலாவைத் தடவிப் பார்க்கவேண்டும். 1983இல் டெக்சாஸில் டான் ஹென்னெக் என்பவர் வகுத்த 1 முதல் 9 வரையான அளவுகோல்தான் இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. 1 எலும்பும் தோலும், 9 மிதமிஞ்சிய கொழுப்பு. மீட்டபோது செவலி 1. அந்த டிசம்பரில் 4. அந்த மூன்று படிகளும் என் விரல் நுனியில் பதிந்திருக்கின்றன.

*

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கோவையிலிருந்து அக்காவின் பிள்ளைகள் வந்தார்கள். பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7. "எங்க வீட்டுல குதிரை இருக்கு" என்று வகுப்பில் ஏற்கனவே சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். வந்த அன்றே பெரியவள் கேட்டாள்: "சித்தி, ஒரே ஒரு ரவுண்டு?"

அவளை அழைத்துப்போய்ச் செவலியின் தோள்மேட்டைத் தொடச் சொன்னேன். செங்காவி உரோமத்துக்கு நடுவே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி. "இது பொறந்தப்பவே இருந்த புள்ளி இல்லம்மா. சேணம் அழுத்தி அழுத்தித் தோல்ல நிறம் செத்துப்போச்சு. காயம் ஆறின எடத்துல வெள்ளையாத்தான் முளைக்கும்." அவள் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் அந்த வெள்ளையை மட்டும் வருடிக்கொண்டிருந்தாள். மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக்கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஏறாமல் ஒரு குதிரையோடு என்ன செய்வது? அந்தக் கேள்விக்குப் பத்து நாளில் பிள்ளைகள் விதவிதமாகப் பதில் கண்டுபிடித்தார்கள். நேராக எதிரில் வந்து நின்றால் அவளுக்கு நெற்றிக்கு முன்னால் இருப்பது தெரியாது, பக்கவாட்டில்தான் நெருங்கவேண்டும் என்பதைச் சின்னவன் கற்றான். பின்காலுக்கு அருகில் போனால் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டே போகவேண்டும். காரட்டை விரலால் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டவேண்டும். உதடு வந்து தொடும்போது கையை இழுக்கக்கூடாது. அந்த உதட்டின் மென்மை அவனைத் திகைக்க வைத்தது. மாட்டிடம் பழகிய நமக்கு நாக்குதான் நினைவில் இருக்கும். குதிரை உதட்டால் பொறுக்கும், ஒரு கிழவி அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. எதற்கும் பயன்படாத ஒரு குதிரை, எதற்கும் அவசரமில்லாத இரண்டு பிள்ளைகள். அவர்கள் மூவரும் வெயிலில் நிற்பதைப் பார்க்கும்போது, ஒரு விலங்கின் நேரத்துக்கு நாம் போய்ச் சேர்வதுதான் விடுமுறை என்று தோன்றியது.

இந்த மண்ணுக்கும் குதிரைக்கும் இருந்த பழைய உறவை நினைத்துப் பார்க்கிறேன். கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணம் கோயிலாக எழுந்த கதை, நரி பரியான கதை, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஆவுடையார்கோயிலில்தான் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்கும் அரசனிடம் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். பேணத் தெரிந்தவர்கள் இல்லை, நோய்க்கு மருந்து தெரிந்தவர்கள் இல்லை, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அயலார் கண்ணில் மிகை இருக்கலாம். ஆனாலும் அந்த வரிகளைப் படித்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கப்பல் கப்பலாக வாங்கினோம், போருக்கு ஓட்டினோம், கல்தூணில் செதுக்கினோம், களிமண்ணில் வனைந்து கும்பிட்டோம். மாலை நேரத்தில் அதற்கு என்ன சூட்டில் தண்ணீர் வைப்பது, இரவில் அது எப்படித் தூங்கும் என்பதை எத்தனை பேர் நின்று கவனித்திருப்பார்கள்? கவனித்தவர்கள் இருந்திருப்பார்கள், லாயத்தில் வேலை செய்த அந்தக் கைகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் என் கண்ணில் படவில்லை.

*

இரவுகளில் நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்திருப்பேன். முழங்கால் ஆழத்துக்கு, சமவெளியிலிருந்து வந்த வைக்கோலைப் பரப்பியிருந்தோம். நான் பக்கத்தில் இருந்தால் தைரியம் வந்து படுப்பாள் என்று ஓர் எண்ணம். அவள் நின்றாள். தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், கீழுதடு தொங்கும், முன்னங்கால் நடுங்கி மடங்கும், உடனே திடுக்கென்று நிமிர்வாள். அந்தத் திடுக்கிடலைப் பார்க்கவே முடியாது. ஒருநாள் இரவில் மூன்று தடவை எண்ணிவிட்டு, வீட்டுக்குள் வந்துவிட்டேன். அதன்பிறகு தினமும் போவதை நிறுத்தினேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணும் ஒரு பாரம்தான் என்று பட்டது. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் இரவில் கம்பிக் கதவைப் பூட்டுவோம். காலை ஐந்தரைக்குத் திறந்து முற்றத்தில் விடுவோம். அதை மட்டும் நேரம் தவறாமல் செய்தேன்.

டிசம்பர் 29 காலை. பெரியவள் பல்கூடத் துலக்காமல் ஓடிவந்தாள். "சித்தி, அங்க ஒரு எடத்துல மட்டும் பனி இல்ல!"

முற்றம் முழுவதும் வெள்ளை. கிழக்கு மேட்டில், முதல் வெயில் விழும் இடத்தில், கருப்பாக ஒரு வடிவம். அகன்ற வயிறு, அதிலிருந்து நீண்ட கழுத்து, மடித்த கால்களின் அடையாளம். அங்கே பனி உருகி, புல் ஈரமாக, மண் நிறம் தெரிந்தது. குனிந்து கையை வைத்தேன். வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை. புல்லில் நாலைந்து செங்காவி முடிகள். செவலி பத்தடி தள்ளி நின்று உலர்புல் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கத்து விலா முழுக்க ஈரமும் சருகும். அவள் படுத்த இடத்துக்கு வலப்புறம், பனியில் நான்கு சின்னக் குளம்புத் தடங்கள் ஒரே இடத்தில் அழுந்தக் கிடந்தன. வேலிப் பக்கம் முகம் வைத்து அசையாமல் ஒருவன் நின்றதற்கான தடம்.

பிள்ளைகள் கத்திவிடுவார்கள் என்று வாயில் விரலை வைத்தேன். அவர்களும் கத்தவில்லை. மூன்று பேரும் அந்தக் கருப்பு வடிவத்தைச் சுற்றி, கோலத்தை மிதிக்காமல் நிற்பதுபோல் நின்றோம்.

அவள் என்னை நம்பிப் படுக்கவில்லை. என் கம்பளியும், நான் பரப்பிய வைக்கோலும், கண்விழித்த இரவுகளும் இருந்த இடத்தில் அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். திறந்த வெளியில், நாலாபுறமும் கண் எட்டும் மேட்டில், கிழவன் காவலுக்கு நின்றபோது படுத்தாள். அதை அறிந்தபோது மனதுக்குள் ஒரு பெரிய நிம்மதி இறங்கியது. நம்பிக்கையைக் கேட்டு வாங்கவேண்டியதில்லை. தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கலாம். கதவை ஐந்தரைக்குத் திறக்கலாம். கூட நிற்க ஒரு துணையைக் கொண்டுவரலாம். மீதி, அந்த உயிருக்கும் அதன் பயத்துக்கும் இடையே நடக்கிற காரியம். மீட்டார்கள் என்று ஆடி மாதத்து ஒரு நாளைக் காட்டிச் சொல்கிறோம். அன்று அவள் சாக்கடை ஓரத்திலிருந்து வண்டியில் ஏறினாள். தெருவிலிருந்து அவள் உடம்பு வெளியே வர டிசம்பர் 29 ஆனது.

டிசம்பர் 31 இரவு பக்கத்துத் தங்கும் விடுதிகளில் பன்னிரண்டு மணிக்கு வெடி வெடிக்கும் என்று தெரியும். அன்று மட்டும் நான்கு பேரும் கொட்டகைக்குப் போனோம். சீட்டியடித்து வானம் ஏறியது ஒவ்வொன்றும் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதி எதிரொலித்தது. செவலி சுவரோரம் நடுங்கினாள், கண்ணில் வெள்ளை தெரிந்தது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை, தடவவில்லை. கிழவன் நின்ற வரிசையில் நாங்களும் வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றோம். சின்னவனுக்குத் தூக்கம் சொக்கியது. என் மேல் சாய்ந்தபடி, "சித்தி, நான் காவலுக்கு நிக்கிறேன்" என்று முணுமுணுத்தான். புது வருடம் அப்படித்தான் பிறந்தது. வெடிச் சத்தம் ஓய வெகுநேரம் ஆயிற்று. அன்று அவள் படுக்கவில்லை. ஆனால் கால் மடங்கவும் இல்லை.

பொங்கலுக்கும் ஊருக்கு வரவில்லையா என்று அம்மா போனில் கேட்டாள். தண்ணீர் காயவைக்க ஆள் வேண்டுமே என்றேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரி, அய்யனாருக்கு ஒரு விளக்கு போட்டுடுறேன்" என்றாள். யாருக்காக என்று சொல்லவில்லை.

பள்ளி திறந்த அன்று காலை ஏழேகாலுக்குப் பஸ் பிடித்தேன். எங்கள் வீட்டுக்கு மேலே சாலை ஒரு வளைவு திரும்பும். அங்கிருந்து முற்றம் கையகலத்துக்குத் தெரியும். மேட்டில் வெயில் இறங்கியிருந்தது. வெள்ளைக்கு நடுவே செங்காவியாக ஒரு மேடு, கழுத்தை நீட்டி, கன்னத்தைத் தரையில் வைத்து, முழுதாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு பின்னங்கால் காற்றில் மெல்ல உதைத்தது. கனவு காண்கிறாள். பக்கத்தில், போர்வை ஒரு பக்கம் நழுவித் தொங்க, சாலையைப் பார்த்தபடி கிழவன். பஸ் வளைவு திரும்பி, தேயிலைச் சரிவு மறைக்கும்வரை அவன் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்.